கறுப்புப் பெட்டிக்குள் மஞ்சள் ஒயர்!

செல்போன் அலறியது.

யாரோ ஒருவருடைய செத்துப்போன மதர்போர்டின் மேல் கவிழ்ந்திருந்தவன் நிமிர்ந்து எடுத்தான்.

மறுமுனையில் அவன் மனைவி. அழுகை.

"என்னங்க... சார்... சார் விழுந்து கிடக்காருங்க!"

"எந்த சார்?"

"எனக்கு எத்தனை சாருங்க? போட்டோகிராபர் சார்! காலைல நீங்க கொண்டுவந்து வச்சீங்களே புது கம்ப்யூட்டர்... அதைத் தொட்டாரு. 'டப்'னு ஒரு சத்தம். அப்படியே மல்லாந்துட்டாரு! மூச்சு பேச்சே இல்லைங்க!"

ஸ்க்ரூ டிரைவர் அவன் கையிலிருந்து நழுவி, மேஜையில் உருண்டு, தரையில் விழுந்தது.

"இருக்காது!"

"என்ன இருக்காது?"

"இல்ல... அதை நான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். 'அதை நான் எடுத்துட்டேனே!' என்ற வார்த்தைகள் தொண்டை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயின.

அவனை எல்லோரும் 'ஸ்க்ரூ' என்றுதான் கூப்பிடுவார்கள். வேண்டியவர்களுக்கு வேண்டியபடி கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கிக் கோத்துக் கொடுப்பது தொழில். தொழிலில் ஆள் கெட்டி. மனைவி விஷயத்தில்தான் ஒன்றிரண்டு ஸ்க்ரூ லூஸ்.

அவள் அந்தப் போட்டோகிராபரின் ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்கிறவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வீட்டில் சாரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

"அழுத குழந்தையை சார் எப்படிச் சிரிக்க வச்சாரு தெரியுமா?"

"சாருக்கு நீலம்னா உயிருங்க!"

மறுநாளே நீலச் சேலையில் வேலைக்குக் கிளம்பினாள். ஸ்க்ரூ பார்த்துக்கொண்டே இருந்தான்.

போன மாதம் அந்த ஆளே கடைக்கு வந்தான். உயரம். கருகருவென்று தாடி. சிரித்தால் எதிரில் இருப்பவனும் சிரித்துத் தொலைக்க வேண்டிய முகம்.

"எனக்கு ஒரு நல்ல மெஷின் வேணும் பிரதர். ஒரு கல்யாணம்னா போட்டோ மலையா குவியுது. இப்ப இருக்கிற டப்பாவுல ஒரு போட்டோவைத் திறக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரை விழுந்துடுது!"

"மெமரியைத் தாராளமா போட்டுடலாம். போட்டோவுக்கு ஒரு டிஸ்க். அதோட நகலுக்கு இன்னொரு டிஸ்க். ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு காப்பாத்தும்."

"சூப்பர்! அப்புறம் பெட்டியில கலர் கலரா லைட் எரியக் கூடாது. அந்த வெளிச்சம் மானிட்டர்ல பட்டா மணப்பொண்ணு மூஞ்சி பச்சையா தெரியும். பொண்ணு வீட்டுக்காரங்க என்னை உரிச்சிடுவாங்க."

"கறுப்பு இரும்புப் பெட்டி போட்டுடறேன். லைட்டே இருக்காது."

அவனோடு கூட வந்திருந்த ஸ்க்ரூவின் மனைவி குறுக்கிட்டாள்.

"ஃபேன் சத்தம் வராமப் பார்த்துக்குங்க. சாருக்குச் சத்தம் ஆகாது."

ஸ்க்ரூவுக்குச் சுருக்கென்றது!

வீட்டில் மிக்ஸி ஓடினால் அவனுக்கு மண்டை பிளந்துவிடும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது அவளுக்குத் தெரியாது. இவனுக்குச் சத்தம் ஆகாதாம்!

பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். ஆனால் கைக்குப் பொறாமை தெரியவில்லை... அது பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தது. அவன் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு மெஷின் செய்ததில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு அமைதி!

கடைசி வேலை, பழைய மெஷினில் இருந்த போட்டோக்களைப் புதியதற்கு மாற்றுவது.

அங்கேதான் வினை.

'எல்.டி.' என்று ஒரு ஃபோல்டர். திறந்து மேலோட்டமாகப் பார்த்தான்.

மனைவி!

நின்றபடி மனைவி. உட்கார்ந்தபடி மனைவி. ஜன்னலோரம், கன்னத்தில் வெளிச்சம் வழிய, மனைவி. நீலச் சேலையில் தலையைச் சாய்த்துச் சிரிக்கிற மனைவி... அந்தச் சிரிப்பை அவன் வீட்டில் பார்த்து எத்தனை காலம் ஆகிறது!

எல்.டி.

'எல்'லுன்னா லவ். 'டி'ன்னா... டார்லிங்!

முழுதும் பார்க்க அவனுக்கு மனசில்லை. மூடிவிட்டான். காதுமடல் கொதித்தது.

டிராயரைத் திறந்து ஒரு மஞ்சள் ஒயரை எடுத்தான். அது போகவே கூடாத ஓர் இடத்திலிருந்து போகவே கூடாத இன்னோர் இடத்துக்குப் போயிற்று. இனி அந்த இரும்புப் பெட்டியைத் தொடுகிறவன் தொட்டவன்தான்!

கடைக்குப் பின்னால் வீட்டுக்குப் போகிற பின்கட்டுக் கதவு லேசாக அசைந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டான்.

காலையில் கடைசியாக ஒரு தடவை மெஷினைப் பார்த்தான். ஒரு தூசி இல்லை. ஒயர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல் வரிசையாக நின்றன. நடுவில் அந்த மஞ்சள் ஒயர் மட்டும் நாக்கை நீட்டிக்கொண்டு...

'என் கையால செஞ்ச பொருள் ஒருத்தனைக் கொல்றதா?'

வெடுக்கென்று பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தான். மெஷினை ஓடவிட்டுத் தானே தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. ஸ்டூடியோவில் கொண்டுபோய் வைத்து, மறுபடி தொட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை!

போட்டோகிராபர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"பிரதர், நீங்க ஆர்ட்டிஸ்ட்!"

அது காலையில். இப்போது போன்!

ஸ்டூடியோ வாசலில் ஜீப் நின்றது.

உள்ளே சாம்பல் நிறச் சுவர்கள். குடை விரித்த விளக்குகள். மேஜைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்த ஒரு நாற்காலி. அதை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர். பெண்மணி. காதோரம் நரை. யாரைப் பார்த்தாலும் பாதிதான் நம்புகிற கண்கள்.

"நீதான் மெஷின் செஞ்சவனா?"

"ஆமா மேடம். சார் எப்படி..."

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு."

ஆல்பம் மேஜையோரம் நின்றிருந்த மனைவி 'ஐயோ' என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

ஸ்க்ரூ பெட்டியின் பக்கம் கையைக் காட்டினான்.

"மேடம், அதுல கரண்ட் அடிக்க வாய்ப்பே இல்ல. நானே தொட்டுப் பார்த்தேன்."

"அப்ப அவரு பயந்து செத்தாரா?"

மனைவி முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"மேடம்... என் வாயால சொல்லக் கூடாது. இவருக்கு சாரைக் கண்டாலே ஆகாது. நான் சாரைப் பத்திப் பேசினாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துடுவாரு. சந்தேகம் மேடம்... சந்தேகம்!"

ஸ்க்ரூ அவளையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"என்னய்யா, பொண்டாட்டி சொல்றது உண்மையா?"

மறைத்து என்ன ஆகப் போகிறது?

"உண்மைதான் மேடம். கொல்லணும்னு நினைச்சேன். ஒயரும் வச்சேன். ஆனா சத்தியமா காலைலயே எடுத்துட்டேன்!"

"கொலைகாரனுக்கு மனசு மாறுறது நல்ல விஷயம்தான். ஒயருக்கு மாறலையே! உள்ள இன்னும் இருக்கேய்யா!"

"இருக்கா?"

"எதை வச்சு ஒட்டினே?"

"கறுப்பு இன்சுலேஷன் டேப். வேற எதுல ஒட்டுவாங்க?"

இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்ட, கான்ஸ்டபிள் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். பிளக்கை முன்பே பிடுங்கியிருந்தார்கள்.

உள்ளே மஞ்சள் ஒயர். அதே இடம். அதே வளைவு.

ஆனால் ஒட்டியிருந்தது... வெள்ளை டேப். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்.

ஆல்பத்தில் பக்கங்களை ஒட்டுகிற டேப்!

ஸ்க்ரூவின் பார்வை, அவன் தடுக்கத் தடுக்க, ஆல்பம் மேஜைக்குப் போயிற்று. கத்தரிக்கோல். பசை. பக்கத்தில் வெள்ளை டேப் உருளை. அதற்கும் பக்கத்தில் மனைவியின் விரல்கள்... உருளையை மெல்ல ஆல்பத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தன.

கதவு அசைந்தது காற்றினால் அல்ல.

மறுகணமே வாய் திறந்தது.

"வெள்ளைதான் மேடம்! மறந்துட்டேன். வெள்ளை டேப்லதான் ஒட்டினேன். எடுத்துட்டேன்னு சொன்னது பொய். நான்தான் கொன்னேன். எழுதிக்குங்க!"

"அடேங்கப்பா! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள கறுப்பு வெள்ளையாகுதே. எந்த சோப்புய்யா போடறே?"

"அதான் அவரே ஒத்துக்கிட்டாரே மேடம்!" என்றாள் மனைவி. குரலில் ஈரமே இல்லை. "கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாவதானமாகச் சொன்னார்.

"போலாம்மா. ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு வேற தலைதலையா அடிச்சிக்கிட்டு அழுவுது. அதுகிட்டயும் விசாரிக்கணும். இங்க மேக்கப் போட வருமாமே... சாரைக் கட்டிக்கப் போற பொண்ணாம்."

"அவளா?"

மனைவியின் முகம் மாறியது!

"அவ எதுக்கு அங்க போனா? அவளுக்கு என்ன உரிமை இருக்கு? நேத்து வந்தவ! பவுடர் பூசத் தெரிஞ்சா போதுமா? சாருக்குக் காபியில எவ்வளவு சர்க்கரைன்னு அவளுக்குத் தெரியுமா? சத்தம் ஆகாதுன்னு தெரியுமா?"

"உனக்குத் தெரியும்."

"எனக்குத்தான் தெரியும்! என்னை எத்தனை போட்டோ எடுத்தாரு தெரியுமா மேடம்? திரும்பு, சிரி, அந்த வெளிச்சத்துல நில்லுன்னு... மனசுல ஒண்ணும் இல்லாமலா ஒருத்தர் அவ்வளவு எடுப்பாரு? கடைசில அவளைக் கூட்டிட்டு வந்து 'இவங்களைத்தான் கட்டிக்கப் போறேன்'னு என்கிட்டயே சொல்றாரு! எனக்கில்லாதவர் அவளுக்கும் வேணாம்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது.

ஸ்க்ரூ மெல்லக் கேட்டான்.

"நான் ஒயர் வச்சதைப் பார்த்தியா?"

"பார்த்தேன். நீங்க வச்சதும் நிம்மதியாத் தூங்கினேன். காலைல எடுத்துத் தூக்கிப் போட்டுட்டீங்க. உங்களுக்கு எதைத்தான் முழுசாச் செய்யத் துணிச்சல் இருந்துச்சு? கூடையிலேர்ந்து பொறுக்கி எடுத்துக்கிட்டேன். சார் வெளிய போயிருந்தப்ப மாட்டினேன். கல்யாணமான புதுசுல நீங்கதானே மெஷின் கோக்கச் சொல்லிக் குடுத்தீங்க."

"அப்ப... என்னை?"

"நீங்க மாட்டிக்குவீங்கன்னு தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பினார்.

"கேட்டுட்டீங்கள்ல? உள்ள வாங்க."

கதவு திறந்தது.

வலக்கையில் கட்டு. கருகருவென்ற தாடி. போட்டோகிராபர்! உயிரோடு! அவன் தோளைத் தாங்கியபடி, அழுது கண்மை கரைந்த மேக்கப் பெண்.

மனைவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

"சார்... நீங்க..."

"போன வாரம்தான் விளக்குங்களுக்காக டிரிப்பர் மாட்டினேன். கரண்ட் டக்குனு நின்னுடுச்சு. மயக்கம்தான். கையில கொஞ்சம் காயம்." போட்டோகிராபர் குழம்பிப்போயிருந்தான். "ஏம்மா, நான் உன்கிட்ட எப்பவாவது தப்பாப் பேசினேனா?"

"அவ்வளவு போட்டோ எடுத்தீங்களே சார்!"

"நானும் பார்த்தேன்!" என்று பாய்ந்தான் ஸ்க்ரூ. "எல்.டி.! லவ்... டார்லிங்!"

"லைட் டெஸ்ட், பிரதர்!"

"எ... என்னது?"

"கஸ்டமர் வர்றதுக்கு முன்னாடி வெளிச்சம் சரியா விழுதான்னு யாரையாவது நிக்க வச்சுப் பார்க்கணும்ல? நீலச் சேலையில நிழல் நல்லாத் தெரியும்னு சொல்லியிருந்தேன். இவங்க இருந்தா இவங்க. லீவு போட்டா அந்த மர ஸ்டூல்."

"ஸ்டூலா?"

"அதே ஃபோல்டர்ல கொஞ்சம் கீழ போய்ப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே. இவங்களை எடுத்ததைவிட ஸ்டூலை எடுத்ததுதான் அதிகம்!"

மனைவி மூலையில் இருந்த மர ஸ்டூலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சத்தம் வராமல் அழ ஆரம்பித்தாள். அன்று முழுக்க அவள் உண்மையாக அழுதது அப்போதுதான்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"ஒருத்தரைக் கொல்ல ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் காரணம் ஒரு பல்பு! ஏறுங்க ஜீப்ல."

"மேடம், நான்தான் எடுத்துட்டேனே..." என்றான் ஸ்க்ரூ பரிதாபமாக.

"அதைக் கோர்ட்ல சொல்லு. பாதி புண்ணியமாவது கிடைக்கும்."

ஜீப் கிளம்பியது. முன்சீட்டில் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு பக்கம் ஸ்க்ரூ. எதிர்ப்பக்கம் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் கான்ஸ்டபிள்... வயசுப் பையன், முறுக்கிய மீசை.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். ஸ்க்ரூ நெளிந்தான். கனைத்தான். பொறுக்க முடியவில்லை.

"மேடம்... அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்க."

"ஏன்யா?"

"அப்போலேர்ந்து அவ கையை விடாமப் புடிச்சுக்கிட்டே வர்றாரு மேடம்!"

இன்ஸ்பெக்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது காதல் இல்லய்யா... கைவிலங்கு!"