சிவசாமியைத் தின்ற புலி

கொழும்பில் அந்த நூதனசாலை என்கிற காட்சிக்கூடம், எங்கள் தோட்டத் துரை வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் மாதிரி வெள்ளை வெளேரென்று நின்றது. விக்டோரியா ராணி காலத்தில் கட்டியதாம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்தக் கூலியாள் வரிசை வீடுகளில், ஒழுகாத கூரை ஒன்றில்லை. இங்கே செத்த மிருகங்களுக்கு எத்தனை கூரை!

மாத்தளையிலிருந்து ரயிலேற்றி அண்ணி அழகாயியை நான்தான் கூட்டிவந்தேன். துணைக்காம். என் நிழல் அசைந்தாலே கும்பிடுகிற வீரன் நான்.

என் அண்ணன் சிவசாமி துரையின் வேட்டைக்கு மிருகம் கலைக்கத் தகரம் தட்ட லக்கலைக் காட்டுக்குப் போனவன், திரும்பவில்லை. புலி தின்றுவிட்டது என்றார் துரை. கலேவெலப் பக்கம் ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்றது லயம். உடம்பு கிடைக்கவில்லை. தாலியைக் கழற்றவும் முடியாமல், பொட்டு வைக்கவும் முடியாமல் அண்ணி தவித்தாள். துரை பிறகு சுட்ட அந்தப் புலி இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டதும், "அதுகிட்டயே கேட்டுட்டு வந்துருவோம் தம்பி" என்றாள்.

உள்ளே மழையிருட்டு. கற்பூரமும் பழைய தோலும் கலந்த வாடை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சடைத்த புள்ளிப்புலி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பித்தளைத் தகட்டில் துரையின் பெயர் மட்டும். தின்னப்பட்டவனுக்கு எதற்குப் பெயர்?

"இந்தப் பூனையா?" அண்ணி உதட்டைச் சுழித்தாள். "கூப்பிடுங்க, உங்க அண்ணன."

புருஷன் பெயரை எங்கள் பெண்கள் சொல்லமாட்டார்கள். அவளும் ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

"அண்ணே! உள்ள காத்து வருதா?" என்றேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும்.

புலி பல்லை மட்டும் காட்டியது.

அண்ணி கண்ணாடியில் நெற்றியை வைத்தாள்.

"சிவசாமி."

புலியின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது:

"ம்."

சோறு தின்னக் கூப்பிட்டால் வீட்டில் அவன் கொடுப்பானே, அதே அலட்சியமான "ம்".

என் கால்கள் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டன. அண்ணி அசையவில்லை.

"ஓடிப்போகல. அது போதும்" என்று முணுமுணுத்தாள். தாலிக்கயிற்றைக் கழற்றிப் பெட்டியின் காலடியில் வைத்துவிட்டு வந்தாள்.

ரயிலில் வெறுங்கழுத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு தூங்கினாள். எனக்குத்தான் அழுகை, ஜலதோஷம் என்று பக்கத்து ஆளிடம் சமாளித்தேன். அவளுக்கு எதிரே உட்கார்ந்து நான் கண்ணை மூடவேயில்லை. பயந்தவனுக்குத் தூக்கம் ஏது?

மாத்தளை ஸ்டேஷனில் அவளைத் தொட்டு எழுப்பினேன். முக்காடு நழுவியது.

கழுத்தில் அதே தாலி.

அவள் கை மெல்லப் பிடரிக்குப் போயிற்று.

"தம்பி... யாரு கட்டினா?"

குனிந்து பார்த்தேன். இறுக்கமாக மூன்று முடிச்சு. அதற்குக் கீழே நான்கு நகக்கீறல்கள்.

ரத்தம் இன்னும் காயவில்லை.