ஊசிக்குக் கேட்கும் மூச்சு

இசைத்தட்டு சுழலவில்லை. ஊசி மட்டும் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஆனாலும் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்தும் யாரோ எச்சில் விழுங்கும் சத்தம், ஈரமாக, அறை கொள்ளாத அளவுக்குப் பெரிதாகக் கேட்டது.

பிளேயருக்குப் பக்கத்தில் குனிந்து பார்லித் தேநீரை வைத்துக்கொண்டிருந்த சயோகோ திடுக்கிட்டு நிமிர்ந்தாள். விழுங்கியது அவள்தான்.

"பாத்தியா?" அவள் கணவர் நோரிமாசா தொடையைத் தட்டிச் சிரித்தார். "தட்டு நின்னுட்டா ஊசி மைக் மாதிரி ஆயிடும். உன் தொண்டை கச்சேரி பண்ணுது, கேளு."

பெயின்ட் கம்பெனி வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வசந்த காலத்திலிருந்து அவர் வீட்டில்தான் இருந்தார். சில வாரங்களுக்கு முன் பழைய ஆம்ப்ளிஃபயர் புகைந்து போனது. அதற்குப் பதிலாக வாங்கிய மலிவுப் பெட்டியில் இசைத்தட்டுக்கான வசதி இல்லை. ஊசி எடுத்துத் தருவது நூலிழை போன்ற சத்தம்; அதைத் தூக்கிக் கொடுக்க நடுவில் போனோ ப்ரீஆம்ப் என்ற ஒரு சின்னப் பெட்டி வேண்டும். நல்லது வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே இருவரும் குடை பிடித்துக்கொண்டு ஒசாகாவின் மின்சாதனக் கடைத்தெருவான நிப்போன்பாஷிக்குப் போனார்கள். கடைக்காரர் நிஷிவாக்கி, கைக்கு எட்டும் விலையில் மூன்றை எடுத்து வைத்தார்.

"வீட்ல போட்டுக் கேளுங்க சார். புடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுங்க. இந்தக் கறுப்பு இருக்கே, இதை வாங்குறவங்க எல்லாரும் திருப்பிக் கொண்டாந்துடறாங்க. பழுது ஒண்ணும் இல்ல. ரொம்ப அமைதியா இருக்காம்! அமைதிக்கெல்லாமா புகார் சொல்லுவாங்க?"

சயோகோ சிரித்துவிட்டாள்.

"உனக்கென்ன புரிஞ்சுது, சிரிக்கிறே?" என்றார் நோரிமாசா, கடைக்காரர் முன்னாலேயே. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் பெட்டி, எர்த் கம்பியை எங்கே முடுக்கினாலும் கொசுவைப் போல ரீங்கரித்தது. இரண்டாவதில் பாடகிக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. அடித்தாளமே காணாமல் போயிற்று. மூன்றாவதாகக் கறுப்புப் பெட்டியை மாட்டியபோது, கூரையில் விடாமல் பெய்துகொண்டிருந்த மழையும், ஈரம் குடித்த பாய்த்தரையின் வைக்கோல் வாசனையும், சந்தில் போகும் சைக்கிளின் பிரேக் கிறீச்சிடலும் எல்லாம் ஓரடி பின்வாங்கி வழிவிட்டது போல, அந்த அறைக்குள் ஓர் ஆழமான, பிசுபிசுப்பான நிசப்தம் வந்து உட்கார்ந்தது. பாடகி உதட்டைப் பிரிப்பதுகூடக் கேட்டது. நோரிமாசாவின் கண்கள் கலங்கிவிட்டன. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் சயோகோ அதைப் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் சட்டங்கள் வந்தன. அவர் கேட்கும்போது ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும். அடுப்பு கூடாது. தடித்த காலுறை போட்டுக்கொள்ள வேண்டும். பிளேயருக்கு இடப்பக்கம், சுவரோரமாகப் போட்ட சின்ன மெத்தையில் அசையாமல் உட்கார வேண்டும். எழுந்து நடந்தால் தரைப்பலகை முனகி ஊசிக்குத் தெரிந்துவிடும். சமையலறைக்குப் போய்விடுகிறேனே என்றால், "அங்கே போய் உருட்டுவே. என் கண்ணு முன்னாடி இரு" என்பார்.

ஒரு சாயங்காலம் தட்டின் பக்கத்தை மாற்றும்போது அவர் எரிச்சலோடு திரும்பினார்.

"மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடேன். ரெண்டு பேரு விடற மாதிரி இருக்கு."

"நான் ஒருத்திதானேங்க இருக்கேன்."

"அதைத்தான் சொல்றேன். ஒருத்திக்கு இவ்வளவு மூச்சு எதுக்கு?"

வழக்கமான குத்தல் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அன்றிலிருந்து அந்த மெத்தையில் உட்காரும்போதெல்லாம் இடது கன்னம் மட்டும் லேசாக வெதுவெதுத்தது. ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கம் சுவர்தான்.

மறுநாள் அவர் குளிக்கப் போனபோது அவள் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். நின்றிருந்த தட்டின்மேல் ஊசியை இறக்கினாள். முதலில் மழை. பிறகு குளியலறையில் அவர் தண்ணீர் மொண்டு ஊற்றுவது, தொண்டையைக் காறுவது. அப்புறம் அவளுடைய மூச்சு, பயந்த நாய்க்குட்டியுடையதைப் போல. அவள் அதை அடக்கினாள்.

மூச்சு நிற்கவில்லை.

மெதுவாக, நிதானமாக, இடது காதில் மட்டும். உள்ளே. வெளியே. அவளுடைய மெத்தை கிடந்த திசையிலிருந்து.

அவள் திரும்பி மெத்தையைப் பார்த்தாள். காலி. பார்த்த அதே கணத்தில் அந்த மூச்சும் நின்றது. அவள் கேட்கிறாள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது போல.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் சயோகோ பாயில் தலை படக் குனிந்து கெஞ்சினாள். "அந்தப் பெட்டி வேண்டாங்க. திருப்பிக் குடுத்துடுங்க. அந்தக் கொசுச் சத்தம் போடுமே, அதுவே போதும். இங்க இன்னொருத்தங்க இருக்காங்க."

"தெரியும்" என்றார் நோரிமாசா.

துண்டை மடித்து வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளை உறைய வைத்தது.

"முதல் நாள்லேர்ந்தே கேக்குது. முதல்ல நானும் கடுப்பானேன். ஆனா, அடங்குன்னு ஒரு தடவை சொன்னேன் பாரு, உடனே அடங்கிட்டா. பாட்டு முடியற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. உன்கிட்ட எத்தனை வருஷமா சொல்றேன்? அவளைப் பாத்துக் கத்துக்கோ."

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

"போ. ஆனா இந்தப் பாட்டு முடிஞ்சப்புறம் போ. கதவைத் திறந்தா ஊசி குதிக்கும்." அவர் தட்டைத் துடைத்து வைத்தார். "உக்காரு. ஒரே ஒரு பாட்டு. அவளை மாதிரி அடக்கிக் காட்டு பாப்போம். முடியாது உன்னால."

ஏன் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இத்தனை வருடப் பழக்கம் முழங்காலை மடக்கிவிட்டது. கன்னத்தில் வெதுவெதுப்பு. மிக அருகில். அவள் திரும்பவில்லை. ஊசி இறங்கியது. பாடகி மூச்சை உள்ளிழுத்தாள், சயோகோவும் இழுத்தாள், அடக்கினாள்.

முதல் சரணம். நெஞ்சு எரிந்தது. பியானோ. காதுக்குள் ரத்தம் இடித்தது. நோரிமாசா கண்ணை மூடி, விரலை உயர்த்தி, இன்னும், இன்னும் என்று காட்டினார். ஜன்னல் வெளிச்சம் ஓரங்களில் கறுத்துச் சுருங்கியது. மூச்சு விட்டுவிடலாம். விட்டால் அவர் சிரிப்பார். அவள் விடவில்லை. எரிச்சல் ஓரிடத்தில் சட்டென்று நின்றுபோனது. லேசாக இருந்தது.

பாட்டு முடிந்தது. தட்டை நிறுத்தி, ஊசியை அதன் மேலேயே விட்டுவைத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அவள் நீளமாக மூச்சை விட்டாள். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

எழுந்தாள். எப்போதும் முனகும் பலகையை மிதித்தாள். அது முனகவில்லை. ஓங்கி மிதித்தாள். ஸ்பீக்கரில் மழை மட்டும்.

"என்னங்க."

அவர் திரும்பவில்லை.

பிளேயரிடம் ஓடினாள். ஊசிக்கு நேராக வாயை வைத்துக் கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். தட்டின்மேல் கிடந்த தூசி இழை ஒன்று. அதுகூட அசையவில்லை.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. இடப்பக்கம். ஆழ்ந்த, திருப்தியான, பெண்ணின் மூச்சு.

நோரிமாசா கண்ணைத் திறந்து மெத்தையைப் பார்த்தார். கலங்கிய கண்கள். அவளை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"நல்லா பண்ணினியேம்மா சயோகோ" என்றார். "இப்போ விடலாம். கஷ்டமா இருந்துதா? இந்தா, தேநீர் குடி."

சயோகோ இருவருக்கும் நடுவில் நின்று கையை விரித்தாள். கோப்பை ஏந்திய அவர் கை அவள் வயிற்றின் ஊடாகப் போனது. குளிரவில்லை. சுடவும் இல்லை.

மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

அவர் கோப்பையை நீட்டி, புன்னகைத்து, விரல்களை எடுத்துக்கொண்டார்.

கோப்பை கீழே விழவில்லை.