பத்து சதவீதம்

விசைப்பலகையைத் தொட்டே பத்து நிமிடம் ஆகியிருந்தது. ஆனாலும் மேசைக்கடியில் கணினியின் விசிறி, மாதக்கணக்கில் செய்வதுபோலவே, மாடியேறி வந்தவர் மாதிரி மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. திரை உறைந்து உறைந்து நகர்ந்தது. பாட வீடியோவை ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அவளுக்கு இந்த வேலையும் போய்விடும்.

தம்பிக்குப் போன் செய்தாள். அந்தக் கணினியில் ஓடும் லினக்ஸ் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"பின்னால ஏதோ ஓடுதுக்கா. ஓடுற புரோகிராம் லிஸ்ட்ல மேல என்ன இருக்கு?"

"ஒரு புரோகிராமே தொண்ணூத்தெட்டு சதவீதம் தின்னுது. ஓடுறது... உன் மாமா பேர்லடா."

கணவர் இறந்து எட்டு மாதம்.

"எப்பவோ எழுதி வச்சிருப்பாரு. நிறுத்திடுக்கா."

"மனசு வரலடா. அவர் விட்டுட்டுப் போனதுல இன்னும் ஓடுறது இது ஒண்ணுதான்."

"உன்னைத் திருத்தவே முடியாது. சரி, கொல்ல வேணாம், கட்டிப் போடு. ஒரு கட்டளை சொல்றேன், பத்து சதவீதம்னு வை. அது கொஞ்சம் ஓட விடும், பிடிச்சு நிறுத்தும், மறுபடி விடும்."

அவன் சொன்ன கட்டளையைத் தட்டினாள். விசிறி அடங்கியது. போனை வைத்தாள்.

அந்த இரைச்சல் விலகிய பிறகுதான், எட்டு மாதமாக அதன் அடியில் மறைந்திருந்த இன்னொரு ஓசை, வெறுங்கால் தரையில் ஒட்டிப் பிரியும் மெல்லிய ஓசை, கூடத்திலிருந்து அவள் காதுக்கு வந்தது. கூடவே சவர சோப்பின் ஈர மணமும். ஓர் அடி. நீண்ட அமைதி. மறுபடி ஓர் அடி.

பத்து பங்கு நடை. தொண்ணூறு பங்கு நிற்றல்.

நிழல் வாசற்படியில் விழுந்தது. நின்றது.

எத்தனை இரவு அவர் வரவேண்டுமென்று தலையணையை நனைத்திருப்பாள்! இப்போது விரல் விசைப்பலகைக்குப் பாய்ந்தது. நிறுத்து. நிறுத்திவிடு. பதற்றத்தில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினாள்.

விசிறி சீறியது.

அவள் நிறுத்தியது அவருடைய நிரலையல்ல. அதைக் கட்டியிருந்த கயிற்றை, தம்பி சொன்ன கட்டளையை.

காலடிகள் ஓடி வந்தன.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. அவருடைய மோதிரம் போட்ட கை. அவளுடைய விசைப்பலகையில் நிதானமாக அதே கட்டளையைத் தட்டியது. கடைசியில் அவளுடைய பெயர். ஒரு சதவீதம்.

அலற வாய் திறந்தாள்.

மேசையில் அவள் போன், தம்பியின் பெயரைக் காட்டி, அடித்து ஓய்ந்தது. ஜன்னல் வெயில் சுவரில் இறங்கி, அணைந்து, மறுநாள் மறுபடி ஏறியது. கை அவள் தலையை மெல்லக் கோதிக்கொண்டிருந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. அலறல் இன்னும் தொண்டைக்கே வந்து சேரவில்லை.