உயிரோடு இருந்தால்

முழங்கால் போடும் பலகை கிறீச்சிடவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது.

பதினோரு வருடமாகச் சனிக்கிழமை நாலு மணிக்கு கோயிலின் அந்தக் கூண்டு போன்ற மரத் தொட்டிக்குள் உட்கார்ந்து, வருகிறவர்கள் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பங்குச் சாமியாருக்கு, பலகை போடும் சத்தத்தை வைத்தே வந்திருப்பது யாரென்று பாதி தெரிந்துவிடும். டீச்சரம்மா என்றால் இரண்டு தவணையாக முனகும், கசாப்புக் கடைக்காரர் என்றால் தொட்டியே ஒருபக்கம் சாய்ந்து நிமிரும், பிறகு கம்பி வலைக்கு அந்தப் பக்கமிருந்து மூச்சுக்காற்றோடு காப்பியோ சிகரெட்டோ பற்பசையோ ஏதோ ஒரு வாடை வந்து சேரும். இன்று பலகையும் பேசவில்லை, வாடையும் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"என்னை ஆசீர்வதியுங்க சாமி. நான் பாவி. பாவசங்கீர்த்தனம் பண்ணி இருபத்திரண்டு வருசம் ஆச்சு."

ஆசீர்வதிக்கத் தூக்கிய கை பாதியில் நின்றது. அது தையல்காரரின் குரல். மூன்று வாரத்துக்கு முன்னால் அவரைக் குழியில் இறக்கி முதல் பிடி மண் போட்டவர் இதே சாமியார்தான்.

அன்றைக்குச் சாமியார் அந்த வீட்டுக்குப் போவதற்குள் தையல்காரரின் உயிர் போயிருந்தது. நெற்றி சில்லிட்டு, தாடை விறைக்கத் தொடங்கியிருந்தது. மன்னிப்பு, எண்ணெய் பூசுதல் என்ற அருட்சாதனங்கள் உயிருள்ளவர்களுக்குத்தான். உயிர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தால், 'நீ உயிரோடு இருந்தால்' என்று முன்னால் சேர்த்துச் சொல்லி மன்னிப்புக் கொடுக்கும்படி குருமடத்தில் பழைய சாமியார் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். இவருக்கோ சந்தேகமே இல்லை. ஆனால் தையல்காரரின் மனைவி இவர் காலைக் கட்டிக்கொண்டு, "இப்பத்தான் சாமி கண்ணு முழிச்சாரு, மூச்சு இருக்கு பாருங்க" என்று கதறினாள். அவள் காதுபட அந்த 'இருந்தால்' என்பதைச் சொல்ல மனசு வரவில்லை. விழுங்கிவிட்டார். உயிரோடு இருப்பவரை மன்னிப்பதுபோலவே மன்னித்து, நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். இரக்கப்பட்டுச் செய்ததுதான். வீடு திரும்பும் வழியில் தன்னைத்தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டதும் உண்மைதான்.

"அன்னைக்கு நான் வாயே தொறக்கல சாமி," என்றது குரல். "நீங்களா மன்னிச்சு அனுப்பிட்டீங்க. அங்க போனா, சொல்லாத பாவத்துக்கு ஏது மன்னிப்புன்னு கேக்குறாங்க. உள்ள விட மாட்டேங்குறாங்க."

சாமியாரின் அங்கிப் பைக்குள் கைபேசி அதிர்ந்தது. அத்தான், அக்காவின் கணவர்.

அக்கா ஆஸ்பத்திரியில் மதியத்திலிருந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு இவரைக் குளிப்பாட்டி, தலைசீவி, அடித்து, ஆளாக்கியவள். "தம்பி, உன் கையாலதான் எனக்கு எண்ணெய் பூசணும். வேற சாமியாரக் கூட்டிட்டு வந்தா எந்திரிச்சு ஓடிருவேன்" என்று போன வாரம்கூடச் சிரித்தாள். ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம். எண்ணெய்ச் சிமிழ் கைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மணி நேர வேலை, முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்துத்தான் வந்து உட்கார்ந்தார். அந்த நினைப்புக்காக அவர் எவ்வளவு வருந்தப்போகிறார் என்பது அப்போது தெரியவில்லை.

தையல்காரர் சொல்லிக்கொண்டே போனார். வாடிக்கையாளர் துணியில் வெட்டி எடுத்தது, தம்பியைப் பழிவாங்கியது, இன்னும் சில. போய்த் தொலைந்தால் போதுமென்று சாமியார் மன்னிப்பைச் சொல்லி முடித்தார்.

"நல்லது சாமி. அடுத்தவங்கள வரச் சொல்றேன்."

பலகை கிறீச்சிடவில்லை. ஒரு பெண் குரல் தொடங்கியது. போன வருடம் புதைத்த பூக்கடைக்காரம்மா.

"செத்தவங்களுக்கும் நீங்க பாக்குறீங்கன்னு தையக்காரரு சொன்னாரு."

சாமியார் திரையை ஒரு விரற்கடை விலக்கினார். மாலை வெயில் சன்னல் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்து கிடந்தது. இந்தப் பக்கத்துப் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. எல்லாரும் இவர் புதைத்தவர்கள். பெட்டிக்குள் வைத்தபோது சுற்றிய ஜெபமாலை சேர்த்துக் கட்டிய கைகளில் அப்படியே இருந்தது. தள்ளுமுள்ளு இல்லை. நல்ல பங்கு மக்களாகப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் தையல்காரர். மறுபடியும் வரிசையில்.

மன்னிப்பு அவரிடம் ஒட்டவே இல்லை என்று சாமியாருக்குப் புரிந்தது. செத்தவர் யாரிடமும் அது ஒட்டாது.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை பீடத்தருகே விளக்குமாறோடு வந்தார். பெஞ்சுகளைப் பார்த்தார்.

"சாமி, இன்னைக்கு ஒரு ஈ காக்கா வரல. கதவப் பூட்டிரவா?"

சொல்ல முடியாது. தொட்டிக்கு வந்தது யார் என்பதை எவரிடமும் சொல்லக் கூடாது. செத்தவர்களானாலும் அதுதானே விதி? கோயில்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

கைபேசி.

"எங்கடா இருக்க? உன்னையே கேட்டுக்கிட்டிருக்கா. கண்ணு சொருகுது."

"வந்துட்டே இருக்கேன் அத்தான்."

தொட்டியின் அரைக்கதவைத் தள்ளினார். நகரவில்லை. வெளியே யாரோ சாய்ந்து நின்றார்கள். தோளால் இடித்தார். அந்தப் பக்கம் குளிர்ந்த கனம். அசையாத கனம்.

"பாதியில எந்திரிச்சா எப்படி சாமி?" என்றாள் பூக்கடைக்காரம்மா. கோபமில்லாமல்.

"என் அக்கா சாகக் கிடக்கா. விடுங்க. கையெடுத்துக் கும்பிடுறேன்."

"சீக்கிரம் சொல்லிடறேன்."

சொன்னாள். அடுத்தவர் சொன்னார். பெஞ்சில் துணி உரசும் சத்தம். ஓர் இடம் நகர்ந்தார்கள். மறுபடியும் உரசல். இன்னோர் இடம். அங்கி முதுகோடு ஒட்டியது. கைபேசி அதிர்ந்தது. அதிர்ந்தது. தரையில் வெயில் சுருங்கியது.

கைபேசி நின்றது.

அப்புறம் அதிரவில்லை. அழுகை வந்தது. சத்தம் வரவில்லை.

துணி உரசல். ஓர் இடம்.

பலகை கிறீச்சிடவில்லை.

"தம்பி."

அவர் திரும்பவில்லை.

"ரொம்ப நேரம் பாத்தேன்டா. நீ வரல. அதான் நானே வந்துட்டேன்."

"அக்கா..."

"வேற யார்கிட்டயும் வாங்கிக்கல. உன் கையாலதான்னு சொன்னேன்ல?"

திரும்பினார். வலைக்கு அந்தப் பக்கம் அவள் நெற்றி. எண்ணெய் பூசிக்கொள்ள வாகாக நீட்டி அழுத்தியிருந்தாள். அழுத்தினாள். கம்பிகள் அவர் பக்கமாக வளைந்தன. கட்டம் கட்டமாகத் தோல் பிதுங்கியது. ரத்தம் வரவில்லை. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.