ஒப்புநோக்கியின் மஞ்சள் விளக்கு

ஞாயிறு ஆராதனையில் கர்த்தர் யாரோடு பேசியிருந்தாலும், அதை ஒப்புநோக்கியிடம் காட்டிய பிறகே ஆமென் சொல்வது செவ்வாய்க் கோளின் பெத்தானியாக் குடியிருப்பில் வழக்கம். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தப் பொறி, சொன்னதை வேதாகமத்தின் ஒவ்வொரு வசனத்தோடும் நொடியில் ஒப்பிடும். எழுதியிருந்தால் பச்சை. மாறாக இருந்தால் சிவப்பு. எழுதியதற்கு மேல் சேர்த்தது என்றால் மஞ்சள். மஞ்சள் விழுந்ததைச் சொந்த ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். கர்த்தருடைய வார்த்தை என்று சொல்லக்கூடாது. பிராணவாயு ஆலைக்குப் பக்கத்து வீடு தனக்கே என்று ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு வெளிப்பாடு வந்தபின் சபை செய்துகொண்ட ஏற்பாடு இது.

அன்று மூப்பர் தர்மசிங் எழுந்தார்.

"வயலெட் மக பெனிட்டாவ எம் மவன் ஜெபினுக்குக் கட்டி வைக்கணும்னு கர்த்தர் எங்கிட்ட ஜெபத்துல பேசினாரு."

பனிச்சுரங்கத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ஆல்வினைத்தான் பெனிட்டா கட்டிக்கொள்ள இருந்தாள். அம்மா வயலெட்டோ கர்த்தர் பேரைச் சொன்னால் எதற்கும் சம்மதிக்கிறவள். இப்போதே பாதி எழுந்துவிட்டாள்.

விளக்கு மஞ்சளாக எரிந்தது. "கூடுதல்" என்றது ஒப்புநோக்கி.

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். பெனிட்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் எழுந்த வயலெட் உட்காரவில்லை. நேரே பொறியிடம் போனாள்.

"எம் மவ ஆல்வினக் கட்டலாமா?"

பாவம், அது என்ன செய்யும்? செவ்வாய்க் கோளில் பனி வெட்டுகிற ஆல்வினைப் பற்றி எந்தத் தீர்க்கதரிசி எழுதி வைத்தார்? மறுபடியும் மஞ்சள்.

"பாத்தியாட்டி? இதுவும் வேண்டாங்குது."

"வேண்டாம்னு சொல்லலம்மா. வேதத்துல எழுதலன்னுதான் சொல்லுது. ஒனக்கும் அப்பாவுக்கும் நடந்த கல்யாணம் எழுதியிருக்காக்கும்?"

"எங்க காலத்துல இந்த மெஷின் இல்லட்டி."

வயலெட் சொன்னது சரிதான் என்று போதகர் இன்பராஜ் பலமாகத் தலையாட்டினார். ஒப்புநோக்கி சொல்வதை இனி வேதபாடம் முடிந்ததும் வாசிக்கலாமே என்றார். எல்லாப் பக்கமிருந்தும் ஆமென் வந்தது. தர்மசிங்கின் ஆமென்தான் சத்தமாகக் கேட்டது. ஜெபினுக்கு இல்லாத பெண் ஆல்வினுக்கும் இல்லை என்பதில் அவருக்கு அவ்வளவு சமாதானம்.

பெனிட்டாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று பொறியின் முன் போய் நின்றாள்.

"நீ சொல்றதெல்லாம் வேதமா?"

மஞ்சள். "நான் சொல்வதும் கூடுதல்தான். அதைக் கர்த்தருடைய வார்த்தை என்று சொல்லாதீர்கள்."

ஜெயித்துவிட்டோம் என்று பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தாழ்மை, பிரியமானவர்களே! என்ன தாழ்மை!"

சபை முழுவதும் எழுந்து நின்றது. அடுத்த வாரம் வேதபாடத்துக்குப் பின் முதலில் வாசிக்க வேண்டியது ஒப்புநோக்கியின் இந்த வார்த்தைதான் என்று அங்கேயே முடிவாயிற்று.

வயலெட் வந்து மகளின் கையைப் பிடித்தாள். அவள் கன்னமும் நனைந்திருந்தது.

"இவ்வளவு தாழ்மையான மெஷினே வேண்டாங்குது. ஒனக்கு மட்டும் என்னட்டி இம்புட்டுத் திமிரு?"