ஐந்து அட்சரப் பெயர்

"பதத்தின் கடைசி அடியில் என் பெயர் வர வேண்டும்" என்றாள் செவந்தியாயி.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று பெற்ற தாய் முதல் கோட்டைவாசல் காவலன் வரை எல்லோரும் அவளை எச்சரித்திருந்தார்கள். அவள் கேட்டேவிட்டாள். கேட்ட இடமோ, நீர்முள்ளிக் கோட்டையின் ஆற்றங்கரை மண்டபம். வேளையோ, மேற்கே கதிரவன் செம்பொற் குழம்பாய் உருகிக் கரைய, கிழக்கே மூங்கிற் புதர்களுக்கு மேல் முழுநிலவு முகம் காட்ட, இடையில் ஓடிய வெண்ணாறு பாதி பொன்னும் பாதி வெள்ளியுமாய் மயங்கிக் கிடந்த அந்திநேரம்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்த அழகையெல்லாம் ரசிக்கும் நிலையில் அவள் இல்லை. ஓடக்காரன் மகள் அவள். ஏட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் வித்தியாசம் தெரியாத குடும்பத்தில், எழுத்தாணி பிடித்த முதல் கை அவளுடையது. கோட்டைச் சுவடிகளைப் படியெடுக்கவும் சபையில் தம்புரா மீட்டவும் வந்தவள், மற்றவர் இயற்றிய இசைப்பதங்களை எழுதி எழுதி அலுத்துப்போய், தானே ஒன்றை இயற்றிவிட்டாள். அதன் கடைசி அடியில், இயற்றியவர் பெயர் நிற்கும் முத்திரை இடத்தில், தன் பெயரையே இழைத்திருந்தாள்.

எதிரே நின்றவன் அருணாசல நட்டுவனார். அவன் கைத்தாளம் விழுந்தால்தான் அந்தக் கோட்டையில் குரல் எழும், மத்தளம் அதிரும், குழல் மூச்சுவிடும். அவளை மட்டும் அவனால் நடத்த முடிந்ததில்லை. அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

"ஆயி, என் பாட்டனார் சபாபதியின் பெயரோடுதான் இங்கே எல்லாப் பதமும் முடியும். அது வழக்கம்."

"அவர் காலமாகி இருபது வருஷம். இன்னும் பதம் இயற்றிக்கொண்டிருக்கிறாரா? நல்ல உழைப்பாளிதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டான் நட்டுவன். "நீ இயற்றினாய், கனகாங்கி பாடப்போகிறாள், நான் நடத்தப்போகிறேன். மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அது வெறும் ஓலை. இதில் என்னது, உன்னது என்று பிரிப்பானேன்?"

"மூவருக்கும் பொது என்றால், பெயர் மட்டும் ஏன் உங்கள் வீட்டுக்குப் போகிறது?"

அவன் நிலவைப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "அரசியார் குமுதவல்லி நாச்சியார் பதம் கேட்க வருகிறார். பிடித்துவிட்டால் இயற்றியவரைத் தம் அவைக்கே அழைத்துப் போய்விடுவார். நீ போய்விட்டால்..."

"அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பாட்டனார், வழக்கம் என்று எதற்கு ஊரைச் சுற்றினீர்?" அவள் குரல் ஒரு கணம் இளகியது. உடனே இறுகியது. "அன்பு இருக்கட்டும். பெயர்?"

அவன் கைத்தாளத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அவளும் தம்புராவை எடுத்துக்கொண்டு பாடகிக்குப் பின்னால் போய் அமர்ந்தாள்.

அரசி வந்தாள், பதம் தொடங்கியது. கனகாங்கியின் குரல் ஈரக்காற்றில் மல்லிகைச் சரமாய் நீள, அருணாசலத்தின் தாளம் பூவுக்குப் பூ முடிச்சிட்டது. தம்புராவை மீட்டியவளுக்குக் கோபத்தையும் மீறி உடல் சிலிர்த்தது. ஓலையில் தான் கீறிவைத்தது இத்தனை அழகா? அவர்கள் இருவர் மீதும் அவளுக்கு அன்பு பொங்கியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசி அடி வந்தது. "சபாபதி" என்று பாடி நிறுத்தினாள் கனகாங்கி. தாளமோ ஒரு தட்டு கழித்து, வெற்றிடத்தில் 'ணங்' என்று விழுந்தது. அந்தப் பெயரில் முடித்து முடித்துப் பழகிய கூட்டம் அது. இடம் போதுமா, மிஞ்சுமா என்று ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அரசி கண் திறந்தாள். "மறுபடி."

மறுபடியும் அதே ஓட்டை.

"நட்டுவனாரே, இவ்வளவு நுணுக்கமாக இழைத்தவர் கடைசியில் ஓட்டை விடமாட்டார். ஐந்து அட்சர இடத்தில் நான்கு அட்சரப் பெயர் உட்கார்ந்திருக்கிறது. அங்கே குடியிருந்தவர் யார்?"

கனகாங்கி குனிந்து ஜமக்காளத்துப் பூக்களை எண்ணலானாள். அரசியிடம் பொய் சொன்னவன் கையில் தாளம் தங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். செவந்தியாயியின் விரல்கள் தந்தியிலேயே நின்றன.

அருணாசலம் தாளத்தை உயர்த்தினான். "கனகாங்கி, ஏட்டில் உள்ளபடி பாடு."

"செவந்தியாயி" என்று எழுந்தது குரல். ஐந்து அட்சரம், ஐந்து தட்டு. கதவு நிலையில் பொருந்துவதுபோல் பதம் மூடிக்கொண்டது.

"யார் அது?"

"நான்தான் தாயே" என்று எழுந்தாள் தம்புராக்காரி.

அரசியின் முகம் மலர்ந்தது. "என்னோடு வா, பெண்ணே. பல்லக்கு உண்டு, மாளிகை உண்டு. என் அவையில் பதங்கள் என் பெயரில்தான் முடியும். எனக்கும் ஐந்து அட்சரந்தான். உனக்கு ஒரு சிரமமும் இராது."

"பெரிய மனது தாயே. ஆனால் ஒரே மாலையில் இரண்டு தடவை பெயரைத் தொலைக்க எனக்குத் தெம்பில்லை."

 அரசி அவளை உற்று நோக்கினாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "எங்கே போவாய்?"

"அப்பாவின் ஓடத்தில். இந்த ஆற்றில் எத்தனை துறை உண்டோ அத்தனையிலும் பாடுகிற வாய் இருக்கிறது."

வணங்கிவிட்டு வெளியேறினாள். கடைசிப் படியில் அருணாசலம் ஓடிவந்து வழிமறித்தான். ஜோடித் தாளத்தில் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"ஒற்றைத் தாளம் ஒலிக்காது, ஆயி. நான் உன்னிடம் வரும்வரை இந்தக் கோட்டையில் என் கை பேசாது. உன்மேல் ஆணை."

"இப்போதே வந்தால் என்ன?"

"பாட்டனார் பெயரில் பதினேழு பதங்கள் இருக்கின்றன. எத்தனையில் ஓர் அட்சரம் இடிக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வருகிறேன்."

அவள் அவன் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். "வாரும். ஆனால் என் பாட்டுக்குப் பின்னால் நிற்கத்தான். முத்திரையில் இல்லை."

தாளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நிலவொளியில் இறங்கி நடந்தாள். துறையில் அவள் தந்தை துடுப்போடு காத்திருந்தார். அவளுடைய ஓலைக்கட்டு ஓடத்தின் முன்முனையான அணியத்தில் இருந்தது. உச்சிப்பொழுதிலேயே, கேட்பதற்கு முன்பே, அவள் கையால் ஏற்றிவைத்தது.