கூரைக்கு வயசு பத்தொன்பது!

"ஐயோ... ஓ... ஓ!"

அலறல் கூரையில் கிளம்பி ரோஜாப் புதரில் முடிந்தது.

தொப்!

காரிலிருந்து இறங்கிய நெட்டி கால்ஹூன் அப்படியே நின்றாள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதமான வீடுகளைப் பார்வையிடுகிறவள். ஓக்லஹோமாவில் ஆலங்கட்டி விழுந்தால் மறுநாள் நெட்டி வருவாள். இருபது வருஷமாக எத்தனையோ விழுந்து பார்த்திருக்கிறாள்.

ஆள் விழுந்து பார்த்ததில்லை!

புதருக்குள் ஒருவன் மல்லாந்து கிடந்தான். கையில் உருண்டைத் தலைச் சுத்தியல்.

"செத்துட்டானா?" வீட்டுக்காரி கோரீன் டக்கெட் ஓடிவந்தாள். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். காலை ட்ரிப் முடித்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"முனகுறான். செத்தவங்க முனக மாட்டாங்க." நெட்டி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். "யாரு மேடம் இவன்?"

"'டீன்'னு பேர் போட்ட கார்டு கொடுத்தான். புதுக் கூரை போட்டுத் தர்றேன்னு நேத்து கதவைத் தட்டினான். வேணாம்னு அனுப்பிட்டேன்."

புதருக்குள் ஒரு கண் திறந்தது.

"பொய்! இந்தம்மாதான் என்னை ஏறச் சொன்னாங்க! சுத்தியலால அடி, ஆலங்கட்டி விழுந்த மாதிரி இருக்கட்டும்னு!"

கோரீனின் முகம் வெளுத்தது.

நெட்டிக்கு இந்த வித்தை புதிதல்ல. கூரையில் அடித்துப் பள்ளம் உண்டாக்குவது, ஆலங்கட்டி என்று கம்பெனியிடம் கேட்பது! வீட்டுக்காரியும் கூட்டு என்றால் ஒரு டாலர் கிடைக்காது. பாலிசியும் ரத்து.

அது இல்லாமலே கோரீனின் நிலைமை மோசம்தான். காகிதத்தில் அவள் கூரைக்கு வயசு பத்தொன்பது. பதினைந்தைத் தாண்டிய கூரைக்குப் புதுசின் விலை கிடையாது. பழசின் மதிப்புதான். அதை வைத்து வாசல் பக்கத்தை மட்டும்தான் மூடலாம்! நெட்டி இதைச் சொன்னதும் கோரீன் பொரிந்தாள்.

"நாலு தடவை போன்ல சொன்னேன்! கூரைக்கு ஆறு வயசுதான். சூறாவளி அடிச்சப்ப சர்ச் ஆளுங்க போட்டுக் கொடுத்தது."

"கூரை மாத்தினதுக்குப் பர்மிட்?"

"ஊர்ல பாதிப் பேருக்குக் கூரையே இல்ல. பர்மிட்டுக்கு யாரு போனா?"

"கம்பெனி காகிதத்தைத்தான் நம்பும்."

"கர்த்தருக்குத் தெரியும் மேடம்."

"அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தா கொடுங்க!"

கோரீன் திரும்பி நடந்தாள். உள்ளே போனாள். தலையணை வந்தது. குடை வந்தது. அப்புறம்... ஒரு கிண்ணத்தில் பழத்தின் மேல் மாவு மூடிச் சுட்ட, ஆவி பறக்கும் பீச் காப்ளர்!

"உங்களை மாட்டிவிட்டவனுக்குப் பலகாரமா?" நெட்டி வாயைப் பிளந்தாள்.

"மாட்டிவிட்டவனுக்குப் பசிக்காதா? சாப்பிடு தம்பி. மெதுவா... சூடு."

நெட்டி தலையில் அடித்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

வடக்குச் சரிவு. தார் ஓடுகளில் கண்டபடி பள்ளங்கள். அவற்றின் நடுவே நின்ற தகரக் குழாயும் நெளிந்திருந்தது. நிஜ ஆலங்கட்டி!

தெற்குச் சரிவு. பள்ளங்கள் வரிசை பிசகாமல்! ஆனால் இந்தப் பக்கத் தகரக் குழாயில் ஒரு கீறல்கூட இல்லை. ஓடுகளை மட்டும் தேடித் தேடி விழுகிற ஆலங்கட்டி எங்கே இருக்கிறது?

அவன் சறுக்கிய இடத்தில் நாலைந்து ஓடுகள் பிய்ந்து தொங்கின. அடியில் பலகை.

பலகையில்... எழுத்து!

நெட்டி குனிந்தாள். 'ஆண்டவரே, இந்த வீட்டைக் காத்தருளும்.' கீழே ஒரு தேதி. ஆறு வருஷத்துக்கு முந்தையது! அதன் கீழே வேலை செய்தவர்களின் பெயர்கள். கடைசிப் பெயர் கோணலாக இருந்தது.

"கோரீன் மேடம்! 'ரஸ்டி பூன்'னு யாரையாவது தெரியுமா?"

கீழே, கிண்ணத்தில் ஸ்பூன் விழுந்த சத்தம் கேட்டது.

நெட்டி எட்டிப் பார்த்தாள். அவன் வாயில் காப்ளர். கண்ணில் கண்ணீர்.

"நான்தான்..." என்றான். "முதல் வாயிலேயே சந்தேகம் வந்துச்சு. இந்த ருசி எனக்குத் தெரியும்!"

"பேரு 'டீன்'னு சொன்னியே!"

"அது கார்டுல. ஒரு திருட்டுக் கேஸ்ல, ஜெயிலுக்குப் பதிலா அறுபது மணி நேரம் சர்ச் ஆளுங்களோட வேலை செய்யணும்னு ஜட்ஜ் அனுப்பினாரு. அந்தக் கோடையில பதினோரு கூரை. எல்லாம் ஒரே மாதிரி. மத்த வீட்ல எனக்குத் தனியா கராஜ்ல சோறு. இங்கே மட்டும்..."

"அந்த ஒல்லிக்குச்சியா நீ?" கோரீன் கன்னத்தில் கை வைத்தாள். "மேஜையில எல்லாரோடயும் உட்கார்ந்து இதே காப்ளரை மூணு தடவை வாங்கினியே!"

நெட்டி ஏணியில் தடதடவென்று இறங்கினாள்.

"அப்படின்னா கோர்ட்ல பதிவு இருக்கும்!"

"தேதி, அட்ரஸ், மணிக்கணக்கு... எல்லாம் இருக்கும். ஷெரீஃப் கையெழுத்தோட."

"காகிதம்!" நெட்டி துள்ளினாள். அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தினாள். "ரஸ்டி, இதை வெளியே சொன்னா நீ யாருன்னு தெரிஞ்சிடும். இன்னிக்கு சுத்தியலால அடிச்சதுக்கும் பதில் சொல்லணும்."

அவன் கிண்ணத்தையே பார்த்தான்.

"எழுதிக்குங்க மேடம். இந்தம்மா என்னைக் கூப்பிடவே இல்ல. சேதம் கூடினா கூரை வேலை எனக்குக் கிடைக்கும்னு, ஆள் இல்லாத நேரம் பார்த்து நானே ஏறினேன்."

நெட்டி எழுதினாள். தெற்கு: சுத்தியல், வீட்டுக்காரிக்குச் சம்பந்தமில்லை. வடக்கு: நிஜ ஆலங்கட்டி. கூரையின் வயது: ஆறு. புதுசின் விலை முழுதாகத் தரலாம்!

கோரீன் கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன.

தூரத்தில் சைரன்.

"ஒரே குதியில கூரைக்குப் பதிமூணு வயசு குறைச்சிட்டே ரஸ்டி!" என்றாள் நெட்டி. "உனக்கு எத்தனை கூடுமோ, ஜட்ஜ்தான் சொல்லணும்."

ரஸ்டி கிண்ணத்தை வழித்தான்.

"மறுபடியும் கூரை போட அனுப்பினா... இந்த வீட்டுக்கே அனுப்பச் சொல்லுங்க மேடம்!"

"தாராளமா வா தம்பி!" கோரீன் குனிந்து அவன் பக்கத்தில் கிடந்ததை எடுத்து ஏப்ரனில் செருகிக்கொண்டாள். "சுத்தியல் மட்டும் என்கிட்ட இருக்கட்டும்!"